ஆறு விழுங்கிய தலைநகரம்

அமெரிக்காவில் காஸ்காஸ்கியா என்று ஓர் ஊர் இருக்கிறது. 2020-ம் ஆண்டு எடுத்த ஜனத்தொகைக் கணக்கின்படி அங்கே வசித்தவர்கள் மொத்தம் 21 பேர்.

இருபத்தோரு பேர் உள்ள ஊரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது! ஒரு காலத்தில் இல்லினாய்ஸ் மாநிலத்துக்கு இதுதான் தலைநகரம். இன்று உலகமே அறிந்த சிக்காகோ நகரம் அந்த மாநிலத்தில்தான் உள்ளது. அந்தச் சிக்காகோ ஒரு கோட்டையும் சதுப்பு நிலமுமாகக் கிடந்த நாளில், காஸ்காஸ்கியாவில் சட்டசபை கூடியது.

அப்படிப்பட்ட ஊரை எதிரிகள் அழிக்கவில்லை. தீயும் அழிக்கவில்லை. ஆறு விழுங்கிவிட்டது.

இரண்டு ஆறுகளின் நடுவே

மிசிசிப்பி அமெரிக்காவின் மாபெரும் ஆறு. வடக்கே தோன்றித் தெற்கே கடலில் கலக்கிறது. அதில் வந்து சேரும் சிறிய ஆறுகளில் ஒன்று காஸ்காஸ்கியா. இரண்டு ஆறுகளுக்கும் நடுவே இருந்த நிலத்தில், சிறிய ஆற்றின் கரையில் ஊர் அமைந்தது. மேற்கே மிசிசிப்பி. கிழக்கே காஸ்காஸ்கியா ஆறு. நடுவே வண்டல் படிந்த கருமண். போட்டது எல்லாம் விளைந்தது.

காஸ்காஸ்கியா என்பது அங்கு வாழ்ந்த பழங்குடி மக்களின் பெயர். 1703-ம் ஆண்டு பிரெஞ்சுப் பாதிரிமார்கள் அந்த மக்களோடு அங்கே வந்து தங்கினார்கள். அதுதான் ஊரின் தொடக்கம். பிறகு பிரெஞ்சு வியாபாரிகள் வந்தார்கள். உழவர்கள் வந்தார்கள். பலர் பழங்குடிப் பெண்களை மணந்துகொண்டார்கள். கறுப்பின மக்களை அடிமைகளாகக் கொண்டுவந்து வயலில் உழைக்க விட்டார்கள். இங்கே விளைந்த கோதுமையை மாவாக்கி, படகில் ஏற்றி, தெற்கே நியூ ஆர்லியன்ஸ் வரை அனுப்பினார்கள்.

அரசர் அனுப்பிய மணி

பிரான்ஸ் நாட்டு அரசர் பதினைந்தாம் லூயி இந்த ஊர் மாதா கோவிலுக்கு ஒரு வெண்கல மணியைப் பரிசாக அனுப்பினார். 1741-ம் ஆண்டு வார்த்த மணி அது. எடை 650 ராத்தல். கப்பலில் கடல் தாண்டி வந்தது. பிறகு படகில் ஏற்றி, ஆற்றை எதிர்த்து இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தார்கள். நீராவி இல்லாத காலம். எத்தனை பேருடைய தோள் வலித்திருக்கும்!

1763-ல் பிரான்ஸ் போரில் தோற்று, இந்தப் பகுதியை இங்கிலாந்துக்குக் கொடுத்துவிட்டது. பதினைந்து ஆண்டுகள் கழித்து, அமெரிக்கர்கள் இங்கிலாந்தை எதிர்த்துச் சுதந்திரப் போர் நடத்தினார்கள். 1778 ஜூலை 4-ம் தேதி இரவு, ஜார்ஜ் ராஜர்ஸ் கிளார்க் என்ற அமெரிக்கத் தளபதி ஏறக்குறைய 175 வீரர்களுடன் ஊருக்குள் புகுந்தார். ஒரு குண்டு கூடச் சுடாமல் ஊர் அவர் கையில் வந்தது.

ஜனங்கள் நடுங்கிப் போனார்கள். குடும்பத்தைப் பிரித்து, நாடு கடத்திவிடுவார்களோ என்று பயம். கோவிலில் ஒருமுறை கூடிப் பிரார்த்தனை செய்துகொள்ள அனுமதி கேட்டார்கள். "உங்கள் மதத்தில் நாங்கள் தலையிட மாட்டோம். உங்கள் பிரான்ஸ் இப்போது எங்களுக்கு நண்பன்" என்று கிளார்க் தெரிவித்தார். பயந்து கிடந்த ஊர் துள்ளிக் குதித்தது. அரசர் அனுப்பிய மணியை அடித்து ஆனந்தப்பட்டது. அன்று முதல் அதற்கு "மேற்கின் சுதந்திர மணி" என்று பெயர். பிலடெல்பியாவில் உள்ள புகழ்பெற்ற சுதந்திர மணியைவிட இது வயதில் மூத்தது.

1814-ல் இல்லினாய்ஸ் பகுதியின் முதல் செய்தித்தாள் இந்த ஊரில்தான் அச்சானது. 1818 டிசம்பரில் இல்லினாய்ஸ் தனி மாநிலம் ஆயிற்று. காஸ்காஸ்கியா அதன் முதல் தலைநகரம். ஆனால் இந்தப் பெருமை இரண்டே ஆண்டுதான். 1820-ல் தலைநகரம் வாண்டாலியா என்ற ஊருக்குப் போய்விட்டது.

சாபமா, கோடரியா?

இந்த ஊரைப் பற்றி ஒரு கதை உண்டு. பிரெஞ்சு வியாபாரி ஒருவரின் மகளும், ஒரு பழங்குடி இளைஞனும் காதலித்தார்களாம். இருவரும் ஓடிப்போனார்கள். வியாபாரி தேடிப் பிடித்தார். இளைஞனை ஒரு கட்டையில் கட்டி, மிசிசிப்பியில் தள்ளிவிட்டார். மூழ்கும் முன் அவன், "இந்த ஊர் அழியும். செத்தவர்களுக்குக் கூட இங்கே இடம் இருக்காது" என்று சபித்தானாம்.

கதை கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஊரை அழித்தது சாபம் அல்ல. கோடரி!

1817-ல் மிசிசிப்பி வழியே செயிண்ட் லூயிஸ் நகருக்கு முதல் நீராவிப் படகு வந்தது. அதன் பின் படகுகள் பெருகின. கொதிகலனுக்கு விறகு வேண்டும். கரையில் நின்ற மரங்களை வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் நிறுத்தி, விறகு ஏற்றிக்கொண்டு, அடுத்த இடத்துக்குப் போனார்கள். இப்படியே பல ஆண்டுகள். மைல் கணக்கில் கரை மொட்டையானது.

மரத்தின் வேர்தான் கரை மண்ணைப் பிடித்து வைத்திருந்தது. வேர் போனதும் மண் சரிந்தது. ஆறு அகலமானது, ஆழம் குறைந்தது. வெள்ளம் வந்தால் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாமல் போயிற்று.

1844-ல் பெருவெள்ளம் வந்து ஊரை மூழ்கடித்தது. அதற்குப் பிறகு மாவட்ட அலுவலகங்கள் செஸ்டர் என்ற ஊருக்கு மாறின. வசதி உள்ளவர்கள் போனார்கள். மற்றவர்கள் வீட்டைக் கழுவிவிட்டு அங்கேயே இருந்தார்கள்.

1881 ஏப்ரல் மாதம் விபரீதம் நடந்தே விட்டது. ஊருக்கு வடக்கே, இரண்டு ஆறுகளையும் பிரித்து நின்ற ஒடுங்கிய நிலத்தை மிசிசிப்பி அறுத்துக்கொண்டு, சிறிய ஆற்றின் தடத்தில் பாய்ந்தது. வாய்க்காலில் கடல் புகுந்தது போல! அந்தத் தடம் கொள்ளாத தண்ணீர் இரு கரையையும் தின்னத் தொடங்கியது. ஊர் இருந்ததோ அந்தக் கரையில். ஒரே இரவில் எல்லாம் போய்விடவில்லை. இந்த ஆண்டு ஒரு தெரு, அடுத்த ஆண்டு ஒரு தெரு என்று ஆண்டுக்கணக்கில் போயிற்று. பாதிச் சுவர் இடிந்து, ஆற்றைப் பார்த்தபடி நிற்கும் வீடுகளின் புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன.

ஊரார் இரண்டு காரியங்கள் செய்தார்கள். இடுகாட்டைத் தோண்டி, ஆயிரக்கணக்கானவர்களின் எலும்புகளை எடுத்து, கிழக்கே இருந்த குன்றின்மேல் மறுபடி புதைத்தார்கள். மாதா கோவிலை, தெற்கே கொஞ்சம் தள்ளிப் புது இடத்தில் 1893-ல் மறுபடி கட்டிக்கொண்டார்கள். மணியும் கூடவே போயிற்று.

வீடு ஒரு பக்கம், மாநிலம் மறுபக்கம்

ஆறு இடம் மாறியதால் ஒரு வேடிக்கை. முன்பு மிசிசிப்பிக்குக் கிழக்கே இருந்த நிலம் இப்போது மேற்கே போய்விட்டது. மேற்கே இருப்பது மிஸூரி மாநிலம். ஆனால் ஆறு திடீரென்று தடம் மாறினால் எல்லை அதன் கூடவே மாறாது. பழைய தடமே எல்லை. ஆகவே காஸ்காஸ்கியா இன்றும் இல்லினாய்ஸைச் சேர்ந்ததுதான். ஆனால் சாலை வழியாகப் போக வேண்டுமானால், மிஸூரியில் உள்ள செயிண்ட் மேரி என்ற ஊரிலிருந்து, பழைய தடத்தின் மேல் உள்ள சிறிய பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். தபால் மிஸூரி வழியாக வருகிறது. ஓட்டுப் போடுவது இல்லினாய்ஸுக்கு!

1900-ல் இங்கே 177 பேர் இருந்தார்கள். 1990-ல் 32 பேர். 1993 கோடையில் பெருவெள்ளம் வந்து, கரையை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தது. ஊரில் ஒன்பது அடி தண்ணீர். 2000-ம் ஆண்டுக் கணக்கு எடுக்கும்போது ஒன்பதே பேர்! பத்து ஆண்டு கழித்து 14. பிறகு 21. உழுபவர்கள் உழுகிறார்கள். மண் இன்னும் அதே கருமண்தான்.

ஊருக்குப் பெயர் தந்த பழங்குடி மக்களின் வழிவந்தோர் அங்கே இல்லை. ஒப்பந்தம் ஒப்பந்தமாக நிலத்தை இழந்து மேற்கே போன அவர்கள், பியோரியா என்ற இனத்தாருடன் சேர்ந்துவிட்டார்கள். அந்த இனத்தின் தலைமை இடம் தொலைவில் உள்ள ஓக்லஹோமா மாநிலத்தில் இருக்கிறது.

மணி மட்டும் ஊரைவிட்டுப் போகவில்லை. 1948-ல் மாநில சர்க்கார் அதற்கென்று கோவில் அருகே ஒரு செங்கல் மண்டபம் கட்டியது.

எலும்புகளைக் கொண்டுபோய்ப் புதைத்த குன்று ஆற்றுக்கு நேர் எதிரே இருக்கிறது. ஊர்க்காரர் ஒருவர் தம் பாட்டனார் கல்லறையில் பூ வைக்க வேண்டுமானால், செயிண்ட் மேரிக்குப் போய், மிஸூரி வழியாகத் தெற்கே வந்து, செஸ்டர் பாலத்தில் மிசிசிப்பியைத் தாண்டி, மறுபடி வடக்கே ஏறி வர வேண்டும். அங்கே நின்று கீழே பார்த்தால், பழைய ஊர் இருந்த இடத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்.