பார்சல் டேப்பில் எந்தப் பசை?

போன மே மாதம் ஊரிலிருந்து அம்மா லாரி பார்சலில் பருப்புப்பொடியும் வத்தலும் அனுப்பியிருந்தார். எடுக்கப் போனால் பெட்டி வாய் பிளந்து கிடந்தது. டேப் கிழியவில்லை, ஒரு பக்கம் முழுசாக உரிந்து தொங்கியது. அதன் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். பசை மேல் பழுப்பு நிறத்தில் அட்டைத் தூசியும் நாரும் அப்பியிருந்தன. பிசுபிசுப்பு துளியும் இல்லை.

நாம் கடையில் "நல்ல கெட்டியான டேப்" என்று கேட்டு வாங்குகிறோம். பிரவுனா, வெள்ளையா என்று பார்க்கிறோம். அதெல்லாம் மேலே இருக்கும் பிளாஸ்டிக். பெட்டியைப் பிடித்து வைத்திருப்பது அடியில் இருக்கும் பசைதான்.

சாதாரணமாகக் கிடைப்பவை அக்ரிலிக், ஹாட்மெல்ட் என்ற இரண்டு வகை. அக்ரிலிக் பசை மெதுவாகத்தான் பிடிக்கும். முழுப்பிடி வரச் சில மணி நேரம், சமயத்தில் ஒரு நாள்கூட ஆகும். ஆனால் வெயிலையும் வெளிச்சத்தையும் தாங்கும், எளிதில் மஞ்சளிக்காது. பல மாதம் குடோனில் கிடக்கும் பெட்டிக்கு இதுதான் ஏற்றது. ஹாட்மெல்ட் என்பது செயற்கை ரப்பரையும் பிசினையும் உருக்கிப் பூசியது. தொட்டதும் கவ்வும். ஒட்டிய கையோடு லாரியில் ஏற்றும் பெட்டிக்கும், மறுசுழற்சி அட்டைக்கும் இது நல்லது. கடும் சூட்டில் இளகிவிடும் என்பதுதான் குறை. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையில் கிடக்கப்போகும் பெட்டிக்கு இதை நம்பாதீர்கள்.

விலை உயர்ந்த பொருளா? நனைத்து ஒட்டும் காகித டேப் வாங்குங்கள். அதன் ஸ்டார்ச் பசை அட்டையின் நாருக்குள்ளேயே இறங்கிவிடும். யாராவது பிரித்தால் அட்டையும் சேர்ந்து கிழியும், திருட்டு மறையாது.

எங்கள் பெட்டி மளிகைக் கடையில் வாங்கிய பழைய பெட்டி. தூசி துடைக்காமல், அழுத்தாமல், பேருக்கு இழுத்து ஒட்டியிருந்தார்கள். அக்ரிலிக், ஹாட்மெல்ட் இரண்டுமே அழுத்தினால்தான் நன்றாகப் பிடிக்கும். உலர்ந்த துணியால் துடைத்து, நடு இணைப்பில் ஒட்டி, இரு முனையிலும் மூன்று விரல் அகலம் கீழே மடக்கி, கட்டை விரலால் அழுத்தித் தேய்க்க வேண்டும். கனமான பெட்டி என்றால் ஓரங்களிலும் ஒட்டுங்கள்.

டேப் வாங்குவதிலும் ஏமாற்று உண்டு. நடுவில் இருக்கும் அட்டை வளையம் தடித்திருந்தால் ரோல் பெரிதாகத் தெரியும், நீளம் குறையும். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி, பொட்டலமாக விற்கும் பொருளில் தயாரிப்பாளர் முகவரி, அளவு, அதிகபட்ச சில்லறை விலை இருக்க வேண்டும். அளவு குறைந்தால் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையிடம் புகார் கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

பெட்டி பிரிந்து வந்தால், கையெழுத்துப் போடும் முன் ரசீதிலேயே "பெட்டி திறந்திருந்தது" என்று எழுதுங்கள்; அங்கேயே படம் எடுங்கள். நான் இரண்டையும் செய்யவில்லை. லாரி பார்சலில் பொருள் சேதமானால், பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்துமூலம் அறிவிப்பு கொடுத்தால்தான் 2007-ஆம் ஆண்டு சாலைச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி வழக்குத் தொடர முடியும்.