அறுந்த விரல் வளருமா?

சுவரில் ஓடும் பல்லியின் வால் அறுந்து தரையில் துடிப்பதைப் பார்த்திராதவர் நம்மில் யார்? சில வாரங்களில் அதற்குப் புதுவால் முளைத்துவிடுகிறது. ஆனால் அது பழைய வால் அன்று. முள்ளெலும்புகள் இருந்த இடத்தில் வெறும் குருத்தெலும்புக் குழாய்தான் இருக்கும்.

பல்லியை விஞ்சும் உயிர்களும் வல்ல அல்லாஹ்வின் படைப்பில் உண்டு. குட்டை நீரில் வாழும் பிளனேரியா என்னும் தட்டைப்புழுவை, தாமஸ் ஹண்ட் மார்கன் என்ற அமெரிக்க அறிஞர் 1898ஆம் ஆண்டில் துண்டு துண்டாக நறுக்கிப் பார்த்தார். உடலின் 279இல் ஒரு பங்கே ஆன துணுக்கும் முழுப் புழுவாயிற்று! தோலாவதா, நரம்பாவதா, குடலாவதா என்று இன்னும் முடிவாகாத செல்கள் அதன் உடலெங்கும் நிறைந்திருப்பதே காரணம். 2011இல் பீட்டர் ரெடியன் குழுவினர், கதிர்வீச்சால் இச்செல்கள் யாவும் அழிந்து சாகவிருந்த புழுவினுள் அத்தகைய ஒரே ஒரு செல்லைச் செலுத்தினர். அது பெருகி, அப்புழுவைப் பிழைக்க வைத்தது. சுப்ஹானல்லாஹ்!

மெக்சிகோ நாட்டு ஆக்ஸலாட்ல், வெட்டுண்ட காலை எலும்பு, தசை, நரம்போடு மீண்டும் வளர்த்துக்கொள்கிறது. வெட்டுவாயில் மொட்டுப்போல் திரளும் செல்கள் தம் பழைய நிலையை அடியோடு மறந்துவிடுகின்றன என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. எல்லி டனாகா குழுவினர் 2009இல் இதனை மறுத்தனர். தசையிலிருந்து வந்தது தசையாகவே ஆகிறது. பிறப்பிடத்தை அது மறப்பதில்லை.

மனிதனுக்கு? வெட்டிய ஈரல் பருமனில் மீள்கிறது. கையோ காலோ மீள்வதில்லை. மீளும் என்று கூறிப் பணம் கேட்போரை நம்பிவிடாதீர்கள். ஆயினும் ஒரு வியப்பு உண்டு. கதவிடுக்கில் சிக்கி நுனி துண்டான குழந்தை விரல்களைத் தைக்காமல், தூய்மையாகக் கட்டி மட்டும் வைத்தால், நகத்தோடு நுனி வளர்ந்துவிடுவதை இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகர மருத்துவர் சிந்தியா இல்லிங்வொர்த் 1974இல் எழுதினார். கடைசிக் கணுவுக்கு அப்பால் வெட்டுப்பட்டிருந்தால்தான் இது கூடும். நகத்தின் அடிவேரில் உள்ள செல்களே இதற்குத் துணை என்பதைப் பின்னர் எலிகளில் கண்டனர்.

எனவே தாய்மார்களே, உங்கள் பிள்ளைக்கு இப்படி நேர்ந்தால் காப்பித்தூளையும் சுண்ணாம்பையும் அப்பாதீர்கள். சுத்தமான நீரில் கழுவி, தூய துணியால் அழுத்திக் கட்டி, துண்டான நுனியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் விரையுங்கள். தைப்பதா, விட்டுவிடுவதா என்பதை அவரே முடிவு செய்வார்.