உடுமலைக் காருக்கு வேற அட்டவணை: வீட்டிலேயே பார்க்கக்கூடிய நாலு விஷயங்கள்

காரோடு வரும் கையேட்டில் ஒரு சர்வீஸ் அட்டவணை இருக்கும். இத்தனை கிலோமீட்டருக்கு ஆயில், இத்தனை கிலோமீட்டருக்கு ஃபில்டர் என்று. அது நாடு முழுக்க ஓடுற வண்டிக்குப் போட்ட பொதுக் கணக்கு. பெரும்பாலான கையேடுகளில் அதை ஒட்டியே இன்னொரு பகுதியும் இருக்கும்: தூசி, கடும் வெயில், மலைப்பாதை என்றால் இதைவிடச் சீக்கிரம் பாருங்கள் என்று. யாரும் படிக்கிறதில்லை. ஆனா உடுமலைப்பேட்டைக்காரங்களுக்கு அந்தப் பகுதிதான் உண்மையான அட்டவணை. ஏன்னா மூணுமே நம்ம ஊர்ல இருக்கு.

நான் மெக்கானிக் இல்லைங்க. கம்ப்யூட்டர் வேலை. வீட்டுக் காரோட சின்னச் சின்ன வேலைகளை நானே பார்ப்பேன், அது ஏன் அப்படி இருக்குன்னு தேடிப் படிப்பேன். ஊரோட காத்து, தண்ணி, மலை, வெயில் இது நாலும் காரை என்ன செய்யுதுன்னு புரிஞ்சுட்டா, எதை எப்ப பார்க்கணும்ங்கறது தானா தெரிஞ்சுடும்.

காத்து: ஏர் ஃபில்டர்

பாலக்காட்டுக் கணவாய் வழியா தென்மேற்குப் பருவக்காற்று ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் நம்ம பக்கம் சுழற்றி அடிக்கும். காற்றாலைகளை இங்கே வரிசையா நட்டு வெச்சதுக்குக் காரணமே அதுதான். அதே காத்து காட்டு மண்ணையும் கிளப்பிட்டு வரும்.

ஒரு சின்னக் கணக்கு. 1 கிலோ பெட்ரோல் சரியா எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேணும். 1 லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ எடை. அப்படின்னா லிட்டருக்குப் பதினோரு கிலோ காற்று. அளவுல சொன்னா ஏறத்தாழ 9,000 லிட்டர். பழனிக்குப் போயிட்டு வர்றதுக்குள்ளயே இன்ஜின் பல பெரிய தண்ணித் தொட்டி அளவுக்குக் காற்றை உள்ளே இழுத்துடும். அவ்வளவையும் வடிகட்டுறது ஒரே ஒரு மடிப்புக் காகித ஃபில்டர்.

ஃபில்டர் அடைச்சா மைலேஜ் குறையும்னு எல்லாரும் சொல்வாங்க. கார்புரேட்டர் வண்டிக்கு அது ஓரளவு சரி. ஆனா அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009ல் சோதிச்சுப் பார்த்தப்ப, கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் இருக்கிற புது வண்டிகள்ல மைலேஜ் பெரிசா மாறலை, பிக்கப்தான் குறைஞ்சுது. உள்ளே வர்ற காற்றை அளந்து அதுக்கேத்த மாதிரி பெட்ரோலைக் குறைச்சுக்குது. அதனால "மைலேஜ் நல்லாத்தானே இருக்கு"ன்னு ஃபில்டரை அப்படியே விட்டுடாதீங்க.

கிளிப்பைக் கழட்டி ஃபில்டரை வெளியே எடுக்க அஞ்சு நிமிஷம் போதும். மெதுவாத் தட்டி தூசியை உதிர்க்கலாம். கழுவக் கூடாது, காகிதம் போயிடும். வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க: வெளிச்சம் தெரியலைன்னா மாத்துங்க, கிழிசல் தெரிஞ்சாலும் மாத்துங்க. கிழிஞ்ச ஃபில்டர் அடைச்ச ஃபில்டரைவிட ஆபத்து. மண் நேரா சிலிண்டருக்குள்ள போய் உப்புத்தாள் வேலை பார்க்கும். பருவக்காத்து முடிஞ்சதும் ஒரு தடவை பார்க்கிறது என் வழக்கம்.

தண்ணி: கூலன்ட்

நம்ம வீடுகள்ல நல்ல தண்ணி வேற, உப்புத் தண்ணி வேற. போர் தண்ணி பிடிச்ச பக்கெட்டுல வெள்ளையாப் படியுது பாருங்க, அதேதான் ரேடியேட்டருக்குள்ளயும் படியும். பக்கெட்டுல படிஞ்சா தேய்ச்சுடலாம். ரேடியேட்டரோட மெல்லிய குழாய்க்குள்ள படிஞ்சா சூடு வெளியே போறது குறையும். ஏப்ரல் வெயில்ல ஏசி போட்டுட்டு மலை ஏறும்போதுதான் அது தெரியவரும்.

ரிசர்வ் டேங்க்ல ரெண்டு கோட்டுக்கு நடுவுல அளவு இருக்கான்னு காலையில வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி பாருங்க. குறைஞ்சிருந்தா கையேட்டுல சொன்ன கூலன்ட்டை ஊத்துங்க. அதுல தண்ணி கலக்கணும்னா டிஸ்டில்டு வாட்டர் மட்டும். அடிக்கடி குறையுதுன்னா ஊத்திட்டே இருக்காதீங்க, எங்கேயோ ஒழுகுது.

சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. மூடி அழுத்தத்தைப் பிடிச்சு வெச்சிருக்கிறதால உள்ளே தண்ணி 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காம இருக்கும். திறந்த நொடி அழுத்தம் போயிடும், மொத்தமும் கொதிச்சு முகத்துல அடிக்கும். குக்கர் மாதிரிதான்.

மலை: பிரேக் ஆயில்

இந்தக் கட்டுரையில ஒண்ணே ஒண்ணுதான் ஞாபகம் வெச்சுக்குவேன்னா, இதை வெச்சுக்குங்க.

மூணாறுல இருந்து மறையூர், சின்னாறு, ஒன்பதாறு செக்போஸ்ட் வழியா உடுமலைக்கு வரும்போது 1,000 மீட்டருக்கு மேல கீழே இறங்குறோம். ஆளும் பெட்டியுமா 1,200 கிலோ இருக்கிற கார் 1,000 மீட்டர் இறங்கினா, அது இழக்கிற ஆற்றல் 30 டிகிரியில இருக்கிற 40 லிட்டர் தண்ணியைக் கொதி நிலைக்குக் கொண்டுவரப் போதும். அந்தச் சூட்டுல ஒரு பங்கைக் காத்தும் டயரும் எடுத்துக்கும். மிச்சத்தை யார் எடுத்துக்கணும்ங்கறது உங்க கையில இருக்கு: இன்ஜினா, பிரேக்கா?

பிரேக் ஆயில்னு பேரு, ஆனா அது எண்ணெய் இல்லை. கிளைக்கால் வகைத் திரவம். காத்துல இருக்கிற ஈரத்தை வருஷக்கணக்கா உறிஞ்சிட்டே இருக்கும். ஈரம் சேரச் சேர கொதிநிலை இறங்கும். டாட் 3 வகை புதுசா இருக்கும்போது குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறின பிறகு அந்த வரம்பு 140 டிகிரிதான். டாட் 4 வகைக்கு அது 230, 155.

கொதிச்சா என்ன ஆகும்? குழாய்க்குள்ள ஆவிக் குமிழ் வரும். திரவத்தை அமுக்க முடியாது, அதனாலதான் உங்க கால் அழுத்தம் சக்கரம் வரைக்கும் போகுது. ஆவியை அமுக்கலாம். பெடல் பஞ்சு மாதிரி தரை வரைக்கும் போகும், பிரேக் பிடிக்காது. அதுவும் யானை நடமாடுற காட்டுக்குள்ள, நடுவுல வண்டியை நிறுத்தக் கூடாதுன்னு வனத்துறை சொல்லுற பாதையில.

வீட்டில செய்யக்கூடியது: பானெட்டைத் திறந்து டப்பாவுல அளவையும் நிறத்தையும் பாருங்க. எந்த டாட் வகைன்னு மூடியிலேயே எழுதியிருக்கும். அளவு மாசக்கணக்குல மெதுவா இறங்கினா பேட் தேயுதுன்னு அர்த்தம். திடீர்னு இறங்கினா லீக், வண்டியை எடுக்காதீங்க. அளவு சரியா இருந்தாலும் ஈரம் கண்ணுக்குத் தெரியாது. அதனால கையேட்டுல சொன்ன காலத்துல, பல வண்டிகளுக்கு 2 வருஷத்துக்கு ஒருமுறை, முழுசா மாத்தச் சொல்லுங்க. மாத்துறது மட்டும் மெக்கானிக் வேலை. குழாயில துளி காத்து தங்கினாலும் பெடல் கெடும்.

இறங்கும்போது ரெண்டாவது கியர். "நியூட்ரல்ல விட்டா பெட்ரோல் மிச்சம்"னு சொல்றவங்க நிறைய. இன்ஜெக்‌ஷன் வண்டியில நிஜம் நேரெதிர். கியர்ல இருக்கும்போது ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா, பெட்ரோல் வரத்தையே கம்ப்யூட்டர் நிறுத்திடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுத்தும். நியூட்ரல்ல போட்டா ஐடில் ஓட பெட்ரோல் எரியும். இன்ஜினை ஆஃப் பண்ணி இறங்குறது அதைவிட மோசம். ரெண்டு மூணு மிதிக்கப்புறம் பிரேக்குக்கு உதவுற வேக்குவம் தீர்ந்துடும், பெடல் கல்லாயிடும்.

வெயில்: டயர்

ஓட்டுநர் கதவைத் திறந்தா தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆள் குறைவா இருந்தா எவ்வளவு காத்து, முழு லோடுக்கு எவ்வளவுன்னு அதுல போட்டிருக்கும். டயர் சூடாகாதப்ப, காலையில அளக்கணும். ஓடின டயர்ல அளவு கூடத்தான் காட்டும். அதைப் பார்த்துக் காத்தை இறக்கிடக் கூடாது. டயர் ஓரத்துல டாட் எழுத்து வரிசையோட கடைசி நாலு இலக்கம் தயாரிச்ச தேதி: 2319ன்னா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம். பட்டன் நல்லா இருந்தாலும் வெயில்ல நின்ன ரப்பர் வெடிப்பு விடும். பக்கவாட்டையும் பாருங்க.

எது வரைக்கும் நாம?

என் கோடு எளிமையானது. பார்க்கிறது, அளக்கிறது, ஊத்துறது, கிளிப் கழட்டுறது நம்ம வேலை. தப்பாப் போனா வண்டி நிக்காமப் போற எதுவும், அதாவது பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன், கத்துக்கிட்டவங்க வேலை. ஜாக்கி மேல மட்டும் நிக்கிற வண்டிக்கு அடியில தலையை விடவே கூடாது.

பார்த்ததையெல்லாம் தேதியும் கிலோமீட்டரும் போட்டு ஒரு நோட்டுல எழுதி வைங்க. போன மாசம் கூலன்ட் எங்கே இருந்துச்சு, பிரேக் ஆயில் எந்த வருஷம் மாத்தினதுன்னு சொல்லத் தெரிஞ்சவங்ககிட்ட மெக்கானிக்கும் வேற மாதிரிப் பேசுவார். மூணாறு போற திட்டம் இருந்தா, ஒரு வாரம் முன்னாடியே அந்த நோட்டைத் திறங்க. முந்தின நாள் ராத்திரி பார்த்தா, தெரிஞ்சும் சரி பண்ண நேரம் இருக்காது.