சாம்பலில் கிடைத்த மண்வெட்டி

வீட்டு உலோகங்களைத் தெரிந்துகொள்வோம்

ஊர் திரும்பிய குடும்பங்கள் பலவற்றிடம் ஒரே கதைதான் உண்டு. 1990 இல் ஓடியவர்களும், 2006–2007 இல் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் இடம்பெயர்ந்தவர்களும் திரும்பி வந்தபோது, எரிந்த வீடுகளில் கிடுகும் இல்லை, வளையும் இல்லை. பிடி எரிந்த மண்வெட்டி, நெளிந்த அலுமினியச் சட்டி, கறுத்துப்போன கூரைத் தகரம் ஆகியவையே சாம்பலுக்குள் எஞ்சியிருந்தன. பற்றை வெட்டிப் பழைய வளவைத் திருத்தும்போது இவ்வாறான பொருட்கள் இன்றும் அகப்படுகின்றன.

இவற்றை வைத்திருப்பதா? பழைய இரும்பு வாங்க வருபவரிடம் நிறைக்குப் போடுவதா? தொடாமல் விலகிப் போவதா? கையில் இருப்பது எந்த உலோகம் என்று தெரிந்தால் இதற்குப் பதில் சொல்லலாம். தெரியாவிட்டால் பணமும் போகும், சில வேளை உயிரும் போகும்.

இரும்பும் உருக்கும்

நாம் இரும்பு என்று சொல்வதிற் பெரும்பகுதி உருக்கு ஆகும். இரும்போடு சிறிதளவு காபன் சேர்ந்ததே உருக்கு. கட்டடக் கம்பியில் காபன் நூற்றுக்குக் கால் பங்கு அளவில்தான் இருக்கும். அது வளையும், ஆனால் கூர் நிற்காது. லொறியின் ஸ்பிரிங் தகட்டில் காபன் நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் உண்டு. ஆகவேதான் கொல்லர்கள் கத்திக்கும் கோடரிக்கும் அந்தத் தகட்டைத் தேடுகிறார்கள். காபன் நூற்றுக்கு இரண்டு பங்கைத் தாண்டினால் அது வார்ப்பிரும்பு. பாரம் தாங்கும், ஆனால் விழுந்தால் உடையும்.

கொல்லர் கத்தியைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் அல்லது எண்ணெயில் தோய்க்கிறார். அப்போது அது கடினமாகிறது, ஆனால் கண்ணாடி போல் உடையக்கூடியதாகவும் இருக்கிறது. அதனால் மீண்டும் மெல்லச் சூடாக்கிப் பதப்படுத்துகிறார். இந்தப் பதம்தான் கருவியின் உயிர். வீடு எரிந்தபோது அந்தச் சூட்டில் பதம் போய்விடும். சாம்பலில் எடுத்த மண்வெட்டிக்குப் புதுப் பிடி போட்டு வயலுக்குக் கொண்டுபோனால் வாய் மடங்குவது இதனால்தான். அதை வீசவும் வேண்டாம், நிறைக்கு விற்கவும் வேண்டாம். வெடிப்பு இல்லையென்றால் கொல்லரிடம் கொடுத்து மறுபடி பதம் ஏற்றலாம். கத்தியை அடுப்புத் தணலுக்குள் வைக்கும் பழக்கத்தாலும் இதே கேடு வரும்.

இது நமக்கு அந்நியமான தொழில் அல்ல. இலங்கையின் சமனலவெவப் பகுதியில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மலைச்சரிவில் உலை கட்டி, துருத்தி இல்லாமல் பருவக்காற்றின் விசையிலேயே இரும்பு உருக்கினார்கள். 1990களில் ஆய்வாளர்கள் அதேபோன்ற உலையைக் கட்டி எரித்து அது உண்மையில் வேலை செய்வதைக் கண்டார்கள்.

வாவிக்கரையும் கறளும்

கறள் பிடிக்க இரண்டு வேண்டும்: ஈரம், காற்று. இவற்றில் ஒன்றைத் தடுத்தால் கறள் இல்லை. உப்பு சேர்ந்தால் கறள் விரைவாகப் பரவும். எமது வாவிக்கரையில் காற்றிலும் உப்பு உண்டு. 1924 இல் திறக்கப்பட்ட கல்லடி இரும்புப் பாலம் அந்த உப்புக் காற்றிலேதான் ஒரு நூற்றாண்டு நின்றிருக்கிறது. 2013 இல் பக்கத்தில் புதிய பாலம் வந்தும் பழையது இன்னும் நிற்கிறது. இப்படியான இடத்தில் இரும்பைக் காப்பது மேற்பூச்சுத்தான்.

பாலத்துக்குப் பெயின்ற், மண்வெட்டிக்கு எண்ணெய். வேலை முடிந்ததும் சேற்றை நல்ல தண்ணீரால் கழுவி, துடைத்து, பழைய எஞ்சின் எண்ணெயைத் துணியில் தொட்டுப் பூசிக் கூரைக்குள் செருகுங்கள். பசளை கலந்த வாளியையும் மருந்து தெளிகருவியையும் அன்றன்றே கழுவ வேண்டும். பொட்டாசியப் பசளையில் உள்ள குளோரைட்டு, உப்பைப் போலவே இரும்பை அரிக்கும்.

கூரைத் தகரம்

கூரைத் தகரம் என்பது நாகம் பூசிய உருக்குத் தகடு. நாகம் தான் முதலில் கரைந்து உருக்கைக் காப்பாற்றும். ஆனால் நாகம் 420 பாகை செல்சியசிலேயே உருகிவிடும். ஆகவே தீயில் அகப்பட்ட தகரம் உறுதியாகத் தெரிந்தாலும் மாரி வந்ததும் கறள் பிடிக்கும். அதைக் குடியிருக்கும் வீட்டுக்குப் போடாமல் கோழிக்கூட்டுக்கோ வேலிக்கோ போடுங்கள். புதுத் தகரத்துக்கு நாகம் பூசிய ஆணியும் றப்பர் வில்லையும் பாவியுங்கள். வெறும் இரும்பு ஆணி அடித்த துளையிலிருந்துதான் முதற் கறள் தொடங்கும். ஈரச் சீமெந்தும் நாகத்தை அரிக்கும்.

அடுக்களையில்

அலுமினியத்தின் நிறை இரும்பின் மூன்றில் ஒரு பங்குதான். சூடும் விரைவாகப் பரவும். ஆனால் சாம்பலால் தேய்த்தால், சாம்பலிலுள்ள காரம் அதன் மேற்படையை அரித்துச் சட்டியை மெலியச் செய்யும். சவர்க்காரமும் தும்பும் போதும். புளியை அதில் இரவு முழுவதும் வைக்க வேண்டாம்.

பித்தளை என்பது செம்பும் நாகமும் சேர்ந்த கலப்புலோகம். வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. எமது ஆலயமணியில் வெள்ளீயம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு என்பதால் நாதம் நீண்டு ஒலிக்கிறது. பித்தளைப் பானையில் புளி, தேசிக்காய், தயிர் வைத்தால் செம்பு கரைந்து வாந்தி உண்டாகும். எம் பாட்டிமார் உள்ளே வெள்ளீயம் பூசுவித்ததன் காரணம் இதுவே.

எவர்சில்வரில் இரும்போடு குரோமியம் சேர்ந்திருக்கிறது. கறள் பிடிக்காது என்பார்கள். ஆனால் உப்புத் தண்ணீரை நாட்கணக்கில் விட்டால் அதிலும் புள்ளி விழும். உப்புக்கு மண்சாடியே நல்லது.

வலைக்குக் கட்டும் ஈயம் வேறு, பூசும் வெள்ளீயம் வேறு. ஈயம் நஞ்சு. சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். சமைக்கும் அடுப்பில் ஈயக்குண்டு வார்ப்பதையும் பழைய பற்றறி உடைத்து உருக்குவதையும் நிறுத்துங்கள். ஈயம் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பின்பே சோற்றில் வையுங்கள்.

தொடக்கூடாத உலோகம்

செம்பும் பித்தளையும் இரும்பை விட நல்ல விலை போகும். காந்தம் இரும்பில் ஒட்டும், பித்தளையிலும் செம்பிலும் அலுமினியத்திலும் ஒட்டாது. ஒரு பழைய ஒலிபெருக்கியின் காந்தம் இருந்தால் விற்கும்போது ஏமாற மாட்டோம்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. துப்பாக்கி ரவையின் கோதும் பித்தளைதான்: செம்பு 70 பங்கு, நாகம் 30 பங்கு. அந்த மஞ்சள் நிறத்தைக் கண்டுதான் பிள்ளைகள் பொறுக்கப் போகிறார்கள். மட்டக்களப்பு மாவட்டம் 2017 இல் கண்ணிவெடி அற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. என்றாலும் வெடிக்காத குண்டுகள் குளக்கரையிலும் பற்றைக்குள்ளும் மண்ணுக்குள்ளும் இருந்து பின்னரும் வெளிப்படலாம். கறள் ஏறிய குண்டு செத்த குண்டு அல்ல. உறை அரிபட்டாலும் உள்ளே வெடிமருந்து உயிரோடு இருக்கும். வடிவம் தெரியாத எந்த உலோகப் பொருளையும் தொடவோ, தட்டவோ, தீயில் போடவோ வேண்டாம். இடத்துக்கு அடையாளம் வைத்து, வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ 119 என்ற இலக்கத்தில் பொலிசுக்கோ அறிவியுங்கள். பிள்ளைகளுக்கும் இதை அடிக்கடி சொல்லிக்கொடுங்கள்.

ஆயுதங்கள் உழவுக் கருவிகளாக மாறும் நாளை இறைவாக்கினர் எசாயா கனவு கண்டார். குண்டை அகற்றுவது அதற்கெனப் பயின்றவர்களின் வேலை. எரிந்த மண்வெட்டியை எடுத்துப் பதமேற்றிப் பெரும்போகத்துக்கு வயலில் இறங்குவது எமது வேலை. அதை இந்த மாரிக்கு முன்பே செய்வோம்.