நூலின் விலையும் விரலின் விலையும்

வணிகர்களாகிய நமக்கு எடையும் அளவும் அத்துப்படி. துவரம்பருப்பு கிலோ என்ன விலை, நல்லெண்ணெய் டின் என்ன விலை என்று கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவோம். ஆனால் தெருவிலுள்ள ஒரு சகோதரி, தான் பின்னிய குழந்தைத் தொப்பி ஒன்றைக் கொண்டு வந்து, "அண்ணாச்சி, இதை உங்க கடையில வச்சு வித்துத் தருவீங்களா? என்ன விலை போடலாம்?" என்று கேட்டால், நம்மில் பலர் நூல் என்ன விலை என்பதை மட்டும் மனக்கணக்குப் போடுகிறோம். அந்தக் கணக்கில் எது விட்டுப்போகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓர் ஊசி, ஒரு நூல்

குரோஷா ஊசி என்பது நுனியில் சிறு கொக்கி உள்ள ஒரு கம்பி. அதுவும் ஒரு நூல் உருண்டையும் போதும். முதலில் ஒரு கண்ணி, அதற்குள் நூலை இழுத்து அடுத்த கண்ணி. இப்படியே சங்கிலி வளர்ந்து, வட்டமாகி, பூவாகி, தொப்பியாகிவிடும்.

ஸ்வெட்டர் பின்னுவது வேறு வகை. அதற்கு இரண்டு ஊசிகள் வேண்டும். ஒரு வரிசையின் கண்ணிகள் முழுவதும் ஊசியில் நிற்கும். ஊசி நழுவினால் கண்ணிகளும் நழுவும். குரோஷாவில் பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் கொக்கியில் நிற்கும். எந்த இடத்திலும் நிறுத்தலாம், மறுபடி தொடரலாம். தவறிப்போனால் நூலை இழுத்தால் போதும், எல்லாம் பிரிந்து வந்துவிடும்; நூல் வீணாகாது. குக்கர் விசில் வரும்வரை நாலு வரி, பேருந்து வரும்வரை நாலு வரி, கடையில் கூட்டம் ஓய்ந்த மதியத்தில் நாலு வரி என்று வளரும் வேலை இது.

நம் சங்கரன்கோவில் வெயிலில் ஸ்வெட்டருக்கு ஏது தேவை? ஆனால் பிறந்த குழந்தைக்குக் காலுறை, வளைகாப்புக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கச் சிறு பர்ஸ், புதுமனை புகுவிழாவுக்கு வாசல் தோரணம், பள்ளிப் பிள்ளைக்குத் தலைப்பட்டை, கைபேசிக்கு உறை என்று தேவைகளுக்குக் குறைவில்லை. பின்னியவருக்கு அதில் கிடைக்கும் மனநிறைவே தனி. வாங்கிக்கொள்பவரும், "இதை எனக்காகவே உட்கார்ந்து பின்னியிருக்கிறாள்" என்று நினைத்துப் பெட்டியில் பத்திரப்படுத்துகிறார். கடையில் வாங்கும் எவர்சில்வர் டம்ளருக்கு அந்த மதிப்பு வருவதில்லை.

ரேந்தை தந்த விடுதலை

இந்தக் கலை நம் தென்பகுதிக்குப் புதிதல்ல. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் அம்மையார், அங்குள்ள பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பாடத்துடன் ரேந்தை பின்னவும் கற்றுக்கொடுத்தார். லேஸுக்கு நம் பக்கத்தில் வழங்கிய பெயரே ரேந்தை. அது குரோஷா அன்று. ஒரு திண்டின் மேல் ஊசிகளைக் குத்தி, சிறு மரக்கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் பின்னும் வேலை. எனினும் இரண்டும் விரலும் பொறுமையும் சேர்ந்து செய்யும் வேலைகளே.

அப்போது நாகர்கோவில் திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. அங்கே அடிமை முறை 1855இல்தான் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே, அடிமை நிலையிலிருந்த சிறுமிகள் சிலர் ரேந்தை பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்கள் விடுதலையை வாங்கிக்கொண்டனர். மால்ட் தம்பதியின் மகள் எலைசா, 1844இல் கால்டுவெல்லை மணந்து திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்கு வந்தார். அந்தத் தேரிக்காட்டு ஊரிலும் பெண்கள் ரேந்தை பின்னக் கற்றார்கள். விரல் வேலைக்கு உரிய காசு கைக்கு வந்தால் ஒரு பெண்ணின் வாழ்க்கையே மாறும் என்பதற்கு இது நம் அருகிலேயே நடந்த சாட்சி.

நரசாப்பூர் சொல்லும் பாடம்

ஆந்திராவில் கோதாவரிக் கரையிலுள்ள நரசாப்பூர் வட்டாரம் குரோஷாவுக்குப் பெயர் பெற்றது. அங்கு பின்னும் மேசை விரிப்புகள் வெளிநாடுகளுக்குப் போகின்றன. 2024இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் மரியா மீஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் அங்குள்ள பெண்களைப் பற்றி 1982இல் வெளியிட்ட நூல் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. வீட்டிலிருந்தபடி பின்னும் பெண்களை யாரும் தொழிலாளி என்று கருதவில்லை. "வீட்டுப் பெண்கள், ஓய்வு நேரத்தில் பின்னுகிறார்கள்" என்று சொல்லியே கூலியைக் குறைத்தார்கள். லாபம் வியாபாரிகளிடமும் ஏற்றுமதியாளர்களிடமும் தங்கியது.

நாம் கவனிக்க வேண்டியது இதைத்தான். நம் வட்டாரத்தில் பீடி சுற்றும் பெண்ணுக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று பேசிய கூலி உண்டு. விசைத்தறியிலும் கூலிக் கணக்கு உண்டு. பின்னலுக்கு மட்டும், "சும்மா இருக்கும் நேரத்தில் செய்ததுதானே" என்கிறோம். ஒரு வேலை செய்பவருக்கு இன்பம் தருகிறது என்பதற்காக அதன் கூலி குறைய வேண்டுமா? வியாபாரம் நமக்குப் பிடித்த தொழில்தான். அதற்காக யாராவது லாபம் இல்லாமல் விற்கிறோமா?

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். திருப்பூர் பனியன் துணியை இயந்திரம் பின்னிவிடும். ஆனால் அசல் குரோஷாவைப் பின்ன இன்றுவரை இயந்திரம் இல்லை. பார்வைக்கு அதுபோலத் தெரியும் லேஸ் நாடாக்கள் இயந்திரத்தில் வரும், அவை வேறு. ஆகவே அசல் குரோஷா சரக்கு அடிமாட்டு விலைக்கு வருகிறதென்றால், எங்கோ ஒருவரின் கூலி குறைந்திருக்கிறது என்று பொருள்.

கணக்குப் போடும் முறை

ஓர் உதாரணம் பார்ப்போம். தொப்பிக்கு நூல் 50 ரூபாய், பின்ன 3 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 100 ரூபாய் கொடுத்து வாங்கினால் விரலுக்குக் கிடைப்பது 50 ரூபாய். மணிக்கு 17 ரூபாய்கூட இல்லை. மணிக்கு 50 ரூபாய் என்று பேசினால் கூலி 150, நூல் 50, ஆக அடக்கம் 200. கடைக்கு நூற்றுக்குப் பதினைந்து சேர்த்தால் 230 ரூபாய்.

"நம் ஊரில் இந்த விலைக்கு யார் வாங்குவார்கள்?" என்ற கேள்வி நியாயமானதே. அதற்கு வழி கூலியைக் குறைப்பதல்ல, சரக்கைத் தேர்ந்தெடுப்பது. அரை மணியில் முடியும் சாவிக்கொத்து, பூ, தலைப்பட்டை ஆகியவற்றைக் கடையில் தொங்கவிடலாம். தொப்பி, விரிப்பு போன்றவற்றை ஆர்டரின் பேரில் மட்டும் செய்து தரச் சொல்லலாம். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை உள்ளதால், பருத்தி நூலில் பின்னிய வலைப்பைக்கும் இடமுண்டு. மடித்தால் உள்ளங்கையில் அடங்கும்; விரித்தால் காய்கறி நிறையக் கொள்ளும்.

நூல் விற்போர் கவனத்திற்கு

குரோஷா நூலில் நம்பர் கூடக் கூட நூல் மெலிதாகும். தறி நூலின் கவுண்ட் போலத்தான். 10ஆம் நம்பரைவிட 40 மெலிது. மெல்லிய நூலுக்கு ஸ்டீல் ஊசியும், தடித்த நூலுக்குச் சற்றுப் பெரிய அலுமினிய ஊசியும் வேண்டும். ஒரே நிறமானாலும் சாய லாட் மாறினால் நிறம் லேசாக மாறும். ஆகவே லேபிளில் லாட் எண் பார்த்து, விரிப்பு பின்னுகிறவருக்குத் தேவையான உருண்டைகளை ஒரே லாட்டில் எடுத்து வைத்துக் கொடுங்கள். உல்லன் என்று நாம் விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக். சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் கெட்டுவிடும் என்பதைச் சொல்லி விற்பது நல்லது. மிளகாய்ப்பொடி, எண்ணெய் அருகில் நூலை அடுக்காதீர்கள்.

ஆடித்தபசு நாட்களில் கோமதியம்மனைத் தரிசிக்க வெளியூர் மக்கள் ஆயிரக்கணக்கில் நம் வீதிகளில் திரளுகிறார்கள். அப்போது கல்லா அருகே ஓர் ஆணியில் நம் ஊர்ப் பெண்கள் பின்னிய நாலு பொருள்கள் தொங்கட்டும். விற்ற பணத்தை அன்றைக்கே எண்ணிக் கொடுங்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கு அரிசியாகவும் பருப்பாகவும் நம் கடைக்கே திரும்பி வரும். கை வேலைக்கு உரிய விலை கொடுத்த கடை என்ற பெயரோ நம்மிடமே தங்கும்.