செயற்பாட்டாளர் சோர்வு

செயற்பாட்டாளர் சோர்வு என்பது சமூக மாற்றத்துக்காக உழைப்போர் நீடித்த மன அழுத்தத்தால் தளர்ந்து, ஈடுபாட்டை இழக்கும் நிலையாகும். உளவியலாளர் எர்பர்ட் பிராய்டன்பர்கர் பகலில் தம் தொழிலையும் இரவில் நியூயார்க்கிலுள்ள இலவச மருத்துவ நிலையத்தில் தொண்டையும் செய்துவந்தார். தாமும் சக தன்னார்வலர்களும் களைத்து, எரிச்சலுற்றுப் போனதைக் கண்டு 1974 இல் இதுபற்றிக் கட்டுரை எழுதினார். மிகுந்த அர்ப்பணிப்பு உள்ளவர்களே இதற்கு எளிதில் ஆளாகின்றனர் என்பது அவர் கணிப்பு. ஓய்வெடுப்பதையே குற்றமாக எண்ணுபவர்கள் அவர்கள்தாம்.

கவிஞர் ஆட்ரி லார்ட் கல்லீரல் புற்றுநோயுடன் போராடிய காலத்தில் எழுதி, 1988 இல் வெளியிட்ட 'எ பர்ஸ்ட் ஆஃப் லைட்' நூலில் தற்பேணலை அரசியல் செயலாகக் கண்டார். இன்று அச்சொல் அழகுசாதன விளம்பரங்களில் அடிபடுவது வேறு கதை. பிராய்டன்பர்கர் பரிந்துரைத்தவை எளியவை: வேலை நேரத்துக்கு வரம்பு, பணிகளைச் சுழற்சி முறையில் பகிர்தல், களைத்தவரை விடுப்பில் அனுப்புதல். இவற்றைத் தனியொருவரால் செய்ய இயலாது. அமைப்புதான் செய்ய வேண்டும்.