டிக்கியை மூடும் பலகை

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் எந்த ஒழுங்கையிலும் மாலை ஆறு மணிக்குப் பிறகு நடந்து பாருங்கள். தொடர்மாடிகளுக்குக் கீழே இடம் கிடைக்காத கார்கள் மதிலோரமாக நெருக்கி நிற்கும். விட்ஸ், அக்வா, ஹொண்டா ஃபிட், ஆல்டோ என்று பெரும்பாலானவை பின்பக்கம் முழுவதும் கதவாக மேலே திறக்கும் ஹட்ச்பேக் வகையைச் சேர்ந்தவை. பின்கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தால், சிலவற்றில் கறுப்புப் பலகை ஒன்று டிக்கியை மறைத்துக்கொண்டிருக்கும். பலவற்றில் அது இருக்காது. மடிக்கணினிப் பை, பிள்ளையின் பள்ளிக்கூடப் பை, புறக்கோட்டையில் வாங்கிய துணிப் பொட்டலம் எல்லாம் வழியில் போகிறவர் கண்ணில் படும்படி கிடக்கும். கண்ணாடியை உடைத்துப் பையைத் தூக்கிக்கொண்டு போக நினைப்பவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

உதிரிப்பாகக் கடைகளில் அந்தப் பலகையைப் பார்சல் ட்ரே என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். இங்கே அதைப் பின்தட்டு என்று சொல்லிக்கொள்கிறேன். அது இல்லாத காருக்கு நம்மூர்த் தச்சரையும் குஷன் கடைக்காரரையும் கொண்டே அளவெடுத்து ஒன்று செய்துவிடலாம். ஆனால் அது என்ன வேலை செய்கிறது என்று தெரியாமல் செய்தால், அழகான பலகை ஒன்று ஆபத்தான இடத்தில் போய் உட்கார்ந்துவிடும்.

பழைய செடான் கார்களுக்குப் பின்தட்டைப் பற்றிய கவலையே இல்லை. மொரிஸ் மைனரின் டிக்கி தனியான இரும்புப் பெட்டி. அதன் மூடியைத் திறந்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். டிக்கியையும் ஆசனப் பகுதியையும் ஒரே கூடமாக்கி, பின்சுவரையே கதவாக்கும் யோசனை படிப்படியாக வந்தது. 1959இல் வந்த ஆஸ்டின் ஏ40 கன்ட்ரிமேனில் பின்கண்ணாடி மேல்நோக்கியும் அடிப்பகுதி கீழ்நோக்கியும் திறந்தன. 1961இல் ரெனோ 4, 1965இல் ரெனோ 16, 1974இல் ஃபோக்ஸ்வாகன் கொல்ஃப் என்று அது உலகெங்கும் பரவியது. பின்னாசனத்தை மடித்தால் சைக்கிளையும் ஏற்றலாம், குளிர்சாதனப் பெட்டியையும் ஏற்றலாம். ஆனால் இரும்புப் பெட்டி போனதும் மறைப்பும் போயிற்று. பின்சக்கரங்களின் இரைச்சல் தடையில்லாமல் உள்ளே வந்தது. சாய்ந்த பின்கண்ணாடி வழியே வெயில் நேராகச் சாமான்களில் இறங்கியது. இந்தக் குறைகளையெல்லாம் ஓரளவு ஈடுகட்டத்தான் பின்தட்டு வந்தது.

கொழும்பில் அது இல்லாத கார்கள் இத்தனை இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. இங்கே ஓடும் கார்களில் பெரும்பகுதி ஜப்பானில் சில ஆண்டுகள் ஓடி வந்தவை. அங்கே பல மாதிரிகளில் பின்தட்டு விலையுயர்ந்த தரத்துக்கு மட்டும் வரும், அல்லது தனிக்காசு கொடுத்து வாங்கவேண்டும். உடன் வந்ததும் நிலைப்பதில்லை. பெரிய சாமான் ஏற்றுவதற்காகக் கழற்றி வீட்டு அலுமாரிக்குப் பின்னால் சாய்த்து வைத்ததை, காரை விற்கும் நாளில் யாரும் நினைப்பதில்லை. இதற்கு மேல் 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணியைக் காப்பதற்காக வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்தாண்டும் இருந்த கார்களே கைமாறிக்கொண்டிருந்தன. பஞ்சிகாவத்தையின் பழைய பாகக் கடைகளில் தேடலாம்தான். ஆனால் விட்ஸ் என்று பெயர் சொன்னால் போதாது. அந்தக் கார் 1999, 2005, 2010 என்று மூன்று வெவ்வேறு உடல்களில் வந்திருக்கிறது. ஒன்றின் பின்தட்டு மற்றதில் உட்காராது.

செய்யத் தொடங்குமுன் ஒரு விடயத்தை அழுத்திச் சொல்லவேண்டும். பின்தட்டு மறைப்பதற்கு மட்டுமே. அதன் மேல் எதையும் வைக்கக்கூடாது. குடை, தண்ணீர்ப் போத்தல், கனமான புத்தகம் என்று அதைத் தட்டாகவே பாவிக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நின்றால், கட்டப்படாத பொருள் அதே வேகத்தில் முன்னோக்கிப் பறக்கும். அந்த வேகத்தின் இயக்க ஆற்றலைக் கணக்குப் போட்டால், பொருளை ஏறத்தாழ 10 மீற்றர் உயரத்திலிருந்து கீழே போட்டதற்குச் சமம். 2 கிலோ எடையுள்ள ஒன்று மூன்றாம் மாடியிலிருந்து தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். பின்னாசனத்தில் இருக்கும் பிள்ளையின் தலை அந்தப் பாதையில்தான் இருக்கிறது. பின்தட்டில் நீள்வட்டத் துளை வெட்டி ஸ்பீக்கர் பொருத்துவது இங்கே பெரிய விருப்பம். காந்தத்தோடு கூடிய ஸ்பீக்கர்கள் ஏறிய பலகையே பறக்கும் பொருளாகிவிடும் என்பதால் அதை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன்.

ஆகவே பலகை இலேசாக இருக்கவேண்டும். இலேசாக இருந்தும் நடுவில் தொய்யக்கூடாது. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதில்தான் கைத்திறன் இருக்கிறது.

ஆமர் வீதியிலும் பழைய சோனகத் தெருவிலும் கேட்டால் முதலில் காட்டப்படுவது எம்டிஎஃப் பலகையாக இருக்கும். மலிவு, வழவழப்பு, வெட்டுவது எளிது. காருக்கு மட்டும் வேண்டாம். அது மர இழைகளைப் பசையால் இறுக்கியது. ஈரம் பட்டால் ஓரம் ஊதும், கொழும்புக் காற்றில் ஈரம் எப்போதும் உண்டு. அதன் பசையில் உள்ள ஃபோர்மல்டிஹைட்டு வாயு சூட்டில் கூடுதலாக வெளிவரும். மூடிய காருக்குள் அதைச் சுவாசிக்கத் தேவையில்லை. நல்லது பிளைவூட். அதிலும் தண்ணீரைத் தாங்கும் பசையால் ஒட்டிய மரைன் வகை. நமக்கு இது புதிய பொருளும் அல்ல. காலிக்கு அருகே ஜிந்தோட்டையிலிருந்த அரச பிளைவூட் தொழிற்சாலை தேயிலைப் பெட்டிகளுக்காக ஒரு காலத்தில் மெல்லிய பலகைகளைச் செய்து கொடுத்தது. மெல்லிய மரத்தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுவதால், இலேசான பலகை இரு திசையிலும் வலுவாக நிற்கிறது.

எத்தனை மில்லிமீற்றர் தடிப்பு என்பதில்தான் பலரும் தடுமாறுவார்கள். 1 மீற்றர் அகலமும் அரை மீற்றர் ஆழமும் உள்ள பலகை 6 மில்லிமீற்றரில் ஏறத்தாழ 1.8 கிலோ இருக்கும், 9 மில்லிமீற்றரில் 2.7 கிலோ. விறைப்பு தடிப்பின் மும்மடிப் பெருக்கமாகக் கூடும் என்பதால், 9 மில்லிமீற்றர்ப் பலகை மூன்று மடங்குக்கும் மேல் விறைப்பானது. தச்சர் உடனே 9ஐத்தான் சொல்வார், வீட்டு அலுமாரிக்கு அது சரி. ஆனால் இங்கே 6ஐ எடுத்து, அடிப்பக்கத்தில் அகலவாட்டில் 20 மில்லிமீற்றர் சதுர மரச்சட்டம் ஒன்றை முழு நீளத்துக்கும் ஒட்டிவிட்டால், கொஞ்ச எடையில் அதைவிடக் கூடுதல் விறைப்பு கிடைக்கும். தொழிற்சாலைத் தட்டைத் திருப்பிப் பாருங்கள். அழுத்தி வார்த்த இழைப்பலகையின் அடியில் வரிவரியாக மேடுகள் எழுந்திருப்பதும் இதற்காகத்தான்.

அடுத்தது அளவு. காருக்குள் நேர்கோடு என்று ஒன்று கிடையாது, அளவு நாடாவை நம்பிப் பலகையை வெட்டக்கூடாது. முதலில் டிக்கியின் இரு பக்கச் சுவர்களையும் கையால் தடவிப் பாருங்கள். பின்தட்டு இல்லாமல் வந்த காரிலும் அது உட்காருவதற்கான விளிம்போ, அச்சு மாட்டும் குழியோ பிளாஸ்டிக்கில் வார்த்தே இருக்கக்கூடும். அது இருந்தால் பாதி வேலை முடிந்தது. பிறகு பழைய பெட்டியின் காட்போட் மட்டையை எடுத்து, காரின் நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கத்துக்கு மட்டும் வார்ப்புரு செய்யுங்கள். வளைவுகளில் மட்டைத் துண்டுகளை ஒட்டு நாடாவால் ஒட்டி ஒட்டிக் கொண்டுபோனால் சுவரின் உருவம் தானாக வந்துவிடும். அந்தப் பாதியைத் திருப்பி மறுபக்கம் வைத்துப் பார்க்கவேண்டும். ஜாக்கி வைக்கும் அறையோ ஆசனப்பட்டியின் உறையோ ஒரு பக்கம் மட்டும் துருத்தியிருப்பதுண்டு.

பின்கதவுக்கும் தட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதைக் கண்ணால் பார்க்கமுடியாது, கதவு மூடினால்தானே அது தெரியும். பிள்ளைகள் விளையாடும் வண்ணக்களியில் நாலைந்து உருண்டை உருட்டி மட்டையின் பின்விளிம்பில் வைத்துக் கதவை மெதுவாக மூடித் திறந்தால், நசுங்கிய களியின் தடிப்பே இடைவெளி. 10 மில்லிமீற்றராவது இருக்கட்டும். பலகையை வெட்டும்போது சுற்றி வரும் துணியின் தடிப்பையும் கழிக்கவேண்டும். இரு பக்கமும் 3 மில்லிமீற்றர் காபட் சுற்றினால் அகலத்தில் 6 மில்லிமீற்றர் போய்விடும். மறந்தால் தட்டு உள்ளே இறங்கவே இறங்காது.

துணி சுற்றும் வேலையைக் குஷன் கடையில் விட்டுவிடுவது நல்லது, அதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது இன்னும் நல்லது. ரப்பர் பசையைப் பலகையிலும் ரெக்சினின் முதுகிலும் மெல்லியதாக இழுப்பார்கள். உடனே ஒட்டமாட்டார்கள். விரலின் பின்புறத்தால் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயும்வரை காத்திருப்பார்கள். பசையைக் கரைத்திருக்கும் திரவம் ஆவியாகாமல் உள்ளே மாட்டினால், பிறகு வெயிலில் கொப்புளமாக எழும். காய்ந்த பசைப்பரப்புகள் இரண்டும் தொட்ட கணமே பிடித்துக்கொள்ளும், நகர்த்தித் திருத்த இடமில்லை. அதனால் நடுவில் வைத்து உள்ளங்கையால் ஓரத்தை நோக்கித் தேய்த்துக்கொண்டே போவார்கள். உள்வளைந்த மூலையில் கத்தரியால் சிறு வெட்டுகள் போட்டு, பலகையின் விளிம்புக்குச் சற்று முன்னேயே நிறுத்துவார்கள். விளிம்பைத் தொட்டால் மேலே கிழிசல் தெரியும். வெளிவளைந்த மூலையில் சேரும் சுருக்கங்களை ஆப்புகளாக வெட்டி எடுத்துவிடுவார்கள்.

வெயிலில் நிற்கும் காரின் கண்ணாடிக்கடியில் கறுப்புப் பரப்பு 60 பாகை செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டில் பசை இளகும். ஆகவே துணியை அடிப்பக்கம் நான்கைந்து சென்றிமீற்றர் மடித்து ஸ்டேப்ளர் ஊசியும் அடிக்கச் சொல்லுங்கள். 6 மில்லிமீற்றர்ப் பலகைக்கு 4 மில்லிமீற்றர் ஊசி போதும், நீண்டது மேலே துளைத்துக்கொண்டு வரும். வெள்ளவத்தைபோல் கடற்காற்று வீசும் இடங்களில் சாதாரண ஊசி சீக்கிரம் துருப்பிடிக்கும், துருக்கறை ரெக்சினில் இறங்கும். துருப்பிடிக்காத எஃகையே கேட்டு வாங்குங்கள். நிறம் கறுப்போ கடுஞ்சாம்பலோ, மினுக்கமில்லாததாக. வெளிர்நிறத் தட்டு பின்கண்ணாடியில் பிரதிபலித்து, உட்கண்ணாடியில் பின்னால் வரும் வாகனத்தைச் சரியாகத் தெரியவிடாது.

தட்டு இரண்டாக மடியவேண்டுமென்றால் இரும்புக் கீல் தேவையில்லை. பலகையை இரண்டாக வெட்டி, நடுவே சிறு இடைவெளி விட்டு ரெக்சினை ஒரே துண்டாக மேலே ஒட்டினால், புத்தக அட்டைபோல் மடியும். கிறீச்சிடவும் செய்யாது.

கிறீச் என்றதும் கடகட சத்தத்தையும் சொல்லவேண்டும். கொட்டாஞ்சேனையின் குறுக்குத் தெருக்களில் ஒருமுறை ஓட்டினாலே பொருந்தாத தட்டு தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். பலகை நான்கு முனைகளில் உட்கார்ந்தால், ஒரு முனை எப்போதும் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். குலுங்கும்போது தட்டுவது அந்த முனைதான். தட்டு உட்காரும் விளிம்பு முழுவதும் கம்பளித்துணிப் பட்டியோ இறப்பர் நுரைப் பட்டியோ ஒட்டினால் அது அமுங்கி எல்லா முனைகளையும் தாங்கிக்கொள்ளும்.

பின்கதவோடு சேர்ந்து தட்டும் எழும்ப இரு பக்கமும் நூல் கட்டுவார்கள். கதவை முழுக்கத் திறந்து வைத்து நீளம் பார்க்கவேண்டும். நீளம் கூடினால் நூல் பூட்டில் மாட்டும். பழைய கார்களில் கதவைத் தாங்கும் வாயுத்தண்டு தளர்ந்திருந்தால், முதலில் அதை மாற்றுங்கள். தட்டின் எடையும் சேர்ந்தால் கதவு தலையில் இறங்கும்.

கலப்பின கார் வைத்திருப்பவர்கள் கவனிக்க ஒன்று உண்டு. பல மாதிரிகளில் மின்கலத்தைக் குளிர்விக்கும் விசிறி, பின்னாசனத்தை ஒட்டிய துவாரம் வழியாகவே காற்றை இழுக்கிறது. தட்டோ அதிலிருந்து தொங்கும் துணியோ அதை மூடினால் மின்கலம் சூடேறி ஆயுள் குறையும். பிள்ளை ஆசனத்தின் மேல்பட்டி பின்னால் கொக்கியில் மாட்டப்படும் காரானால், அந்தப் பட்டி போக முன்விளிம்பில் வெட்டு விடவேண்டும். தட்டுக்காகப் பட்டியை மாட்டாமல் விடுவது எந்த நிலையிலும் கூடாது.

பலகையே வேண்டாம் என்பவருக்குச் சுருள்திரை இருக்கிறது. அலுமினியக் குழாய்க்குள் முறுக்குக் கம்பிச்சுருள், அதைச் சுற்றி பிவிசி துணி. இழுத்துப் பின்னால் கொக்கியில் மாட்டினால் மறைப்பு, விட்டால் தானே சுருண்டுகொள்ளும். அமெரிக்காவில் ஸ்டுவர்ட் ஹார்ட்ஸ்ஹோர்ன் 1864இல் காப்புரிமை பெற்ற ஜன்னல் சுருள்திரையும் இதே வழியில்தான் இயங்குகிறது. வீட்டு ஜன்னலின் பழைய சுருள்திரையை அளவுக்கு வெட்டிக் காருக்குப் பாவிக்க நினைப்பவர் ஒன்றைத் தெரிந்துகொள்ளவேண்டும். திரை பாதியில் நிற்பதற்காக அதன் முனையில் பற்சக்கரமும் சிறு நாக்குகளும் இருக்கும். மெதுவாகச் சுழன்றால் நாக்கு விழுந்து பூட்டும், வேகமாகச் சுழன்றால் வெளியே வீசப்பட்டு விடுபடும். காரில் அந்தப் பூட்டு தேவையில்லை. சாமான் எடுக்கும் அவசரத்தில் பாதியில் நின்று தொல்லை கொடுக்கும். நாக்குகளைக் கழற்றிவிட்டு, குழாயைச் சுற்றி வைக்கும் முறுக்கையும் குறைத்துக்கொள்ளலாம். துணி தொய்யாமல் நிற்கும் அளவுக்கு முறுக்கு இருந்தால் போதும், கை தவறினால் கொக்கி சீறிக்கொண்டு முகத்துக்கு வரும் அளவுக்கு வேண்டாம்.

எது செய்தாலும் காட்போட் வார்ப்புருவை எறியாதீர்கள். அதன் மேல் காரின் பெயர், ஆண்டு, எந்தப் பக்கத்துப் பாதி என்பதை எழுதிக் குஷன் கடையிலேயே கொடுத்துவைத்தால், அதே காரோடு அடுத்து வருகிறவருக்கு அளவெடுக்கும் அரைநாள் மிச்சமாகும்.